மலையடிவாரப் பள்ளியும் மானியக் கணக்கும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், பொழுது புலருமுன்பே ஜீப்புகள் வரிசையாய்ச் செல்வதை வாசகர் பலர் கண்டிருப்பர். ஏலக்காய் பறிக்கச் செல்லும் மகளிர் அவற்றில் நெருக்கி அமர்ந்திருப்பர். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய்ப்பறிப்பு தை, மாசி வரை சுற்றுச் சுற்றாய் நடைபெறும். மாலையில் வீடு திரும்புவோர் உண்டு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத் தோட்டங்களிலேயே தங்கிவிடுவோரும் உண்டு. தமிழகத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றுக்கு எத்தனை ஆசிரியர் என்பதை முடிவுசெய்யும் மாணவர் கணக்கோ ஆகஸ்டு முதல் நாள் நிலவரப்படி எடுக்கப்படுகிறது. காய் பழுக்கும் காலமும் கணக்கெடுக்கும் காலமும் ஒன்றாய் வந்து நிற்கின்றன. மலையடிவாரத் தலைமையாசிரியரின் கவலைகளை இங்கிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும்.

அரசு பணம் தரும், தனியார் பள்ளி நடத்துவர் என்ற ஏற்பாட்டுக்கு அடிப்படை 1854ஆம் ஆண்டில் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை. சமயச் சார்பின்றி, நல்ல உலகியல் கல்வி தரும் பள்ளிக்கு, ஆய்வாளரின் மேற்பார்வைக்கு இசைந்தால், மானியம் உண்டு என்றது அது. நம் கவனத்துக்குரிய செய்தி மற்றொன்று. பொதுச் செலவுக்கு மொத்தமாய்ப் பணம் தராமல், குறிப்பிட்ட தேவைகளுக்கே தர வேண்டும் என்று கூறிய அந்த அறிக்கை, தலைமையாசிரியரின் ஊதியத்தை உயர்த்துவதையும் இளம் ஆசிரியர்களை அளிப்பதையும் அத்தேவைகளுள் முதன்மையாக வைத்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்றும் வற்புறுத்தியது. ஆள், பணம், பயிற்சி: இன்றைய தலைமையாசிரியர் கூட்டங்களில் கேட்கும் மூன்று குரல்களும் அந்த ஏட்டிலேயே இருக்கின்றன!

பின்னர் சென்னை மாகாணத்தில் ‘தேர்ச்சிக்கேற்ற மானியம்’ என்னும் முறை வந்தது. ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளை வாசித்துக் காட்டினால், கணக்குப் போட்டால், தலைக்கு இவ்வளவு என்று பணம். அன்று பிள்ளை காய்ச்சலில் படுத்தால் ஆசிரியரின் அடுப்பும் படுத்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்டது. தலையை எண்ணிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை என்பது நம் எண்ணம்.

நல்ல காலமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று. காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1955இல், உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், வைப்புநிதி, காப்பீடு ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் முப்பயன் திட்டத்தைச் சென்னை அரசு கொண்டுவந்தது. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராயிருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே பலகையும் நாற்காலியும் கூரைச் செலவும் கொடுத்தனர்.

போடிமெட்டைக் கடந்தால் கதை சற்று வேறு. 1957இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய கல்வி மசோதாவைப் பற்றி 1958இல் உச்ச நீதிமன்றம் தந்த கருத்துரை, மானியம் தருவதைக் காரணமாக்கிச் சிறுபான்மையோரின் பள்ளி நடத்தும் உரிமையைப் பறிக்கலாகாது என்றது. அரசமைப்பின் 30ஆம் பிரிவைப் பற்றிப் பேசும் எவரும் இன்றளவும் அந்தக் கருத்துரைக்குத் திரும்பிச் செல்கின்றனர். தோட்டத்தில் தங்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ வேறொரு சட்டம் துணையிருந்தது. தொழிலாளரின் 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 25 பேருக்கு மேலிருந்தால் தோட்ட உரிமையாளரே கல்வி வசதி செய்துதருமாறு விதி வகுக்க 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்திருந்தது. பெருந்தேயிலைத் தோட்டங்களுக்கு அது பொருந்தியது. ஏலத்தோட்டங்களுள் பலவோ சிறியவை. ஓரிடத்தில் 25 பிள்ளைகள் எங்கே சேர்வர்? ஆகவே பிள்ளை அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்றாகிவிடுகிறது.

தமிழகத்தில் கதவு சாத்தப்பட்டது 1991-92ஆம் கல்வியாண்டோடு. அந்த ஆண்டு முதல் தொடங்கப்பட்ட பள்ளிக்கும் வகுப்புக்கும் மானியம் இல்லை என்பது அரசின் கொள்கையாகிப் பின்னர்ச் சட்டமும் ஆயிற்று. அதற்கு முன் வளர்ந்துவிட்ட நகரப் பள்ளிகள் பிழைத்தன. பின்னர் வளர நேர்ந்த சிற்றூர்ப் பள்ளிகள், ஒரே கூரையின்கீழ் அரசு ஊதியம் பெறும் ஆசிரியரையும், தாளாளர் திரட்டித் தரும் சிறு தொகை பெறும் ஆசிரியரையும் வைத்திருக்கின்றன. இருவரும் நடத்துவது ஒரே பாடம். தாளாளர் பொறுப்பையும் சுமக்கும் நம் போன்ற பங்குத்தந்தையர்க்கு மாதக் கடைசியில் உறக்கம் கெடுவது இதனால்தான்.

1997ஆம் ஆண்டின் 525ஆம் எண் அரசாணை பணியிடக் கணக்கை மேலும் இறுக்கியது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆவார். பணி நிரவலில் வேறு பள்ளிக்குச் செல்வார். தை, மாசியில் பிள்ளைகள் மலையிறங்கித் திரும்பினாலும் போன ஆசிரியர் திரும்புவதில்லை. எழுத்தரும் துப்புரவுப் பணியாளரும் ஓய்வுபெற்ற இடங்கள் காலியாகவே கிடக்க, தலைமையாசிரியரே சாவிக்கொத்தும் கோப்பும் கணினிப் பதிவுமாய் அலைகிறார்.

பயிற்சியின் நிலை என்ன? 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. பாடம் நடத்தும் கலை அங்கே கற்பிக்கப்படுகிறது. ஆனால் பணிமூப்பால் தலைமையாசிரியராகும் ஒருவருக்கு வரவு செலவையும், மனம் சோர்ந்த உடன் ஆசிரியரையும், வழக்குக்கு வரும் பெற்றோரையும் கையாளும் விதத்தை முறையாய்ச் சொல்லித்தருவார் அரிது. 2024-25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி ரூ.2,152 கோடியை மத்திய அரசு நிறுத்திவைத்ததாகத் தமிழக அரசு முறையிட்டது. இத்தகைய நிதியில் நடப்பவைதாம் ஆசிரியர் பயிற்சிகளுள் பல.

இதன்மேல் வந்தது 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேலுள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது அது. சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய வினாவைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. தகுதியைக் கேட்பது தவறு என்று நாம் சொல்லமாட்டோம். இருபதாண்டு கற்பித்தவர் மறுபடியும் படிக்க வேண்டுமாயின், அவர் படிக்கும் மாலைகளில் அவரது வகுப்பின் விடைத்தாள்களைத் திருத்த மற்றோர் ஆள் வேண்டுமே என்று மட்டும் கேட்போம்.

நம் கோரிக்கை சிறியது. போடி, உத்தமபாளையம் பகுதிகளின் மலையடிவாரப் பள்ளிகளுக்கேனும், ஆகஸ்டுக் கணக்கோடு மார்ச்சுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபின் ஆசிரியர் உபரியா என முடிவு செய்யலாம். மறைமாவட்டக் கல்வி அலுவலகங்கள், பறிப்புக் காலத்தில் எல்லை கடக்கும் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளிவாரியாய்த் தொகுத்து மாவட்டக் கல்வி அலுவலரிடம் சேர்ப்பிக்கலாம். அந்தப் பட்டியலை எழுதுவதற்கும் ஓர் எழுத்தர் தேவை. பொறுப்புள்ள பொதுநிலையினர் சிலர் மாலையில் இரண்டு மணி நேரம் வந்தால் போதும்.