வெயிலும் வண்டிக்குள்ள பாட்டும்

எங்க சித்தப்பா ஒரு பனியன் கம்பெனிக்கு ஆம்னி வேன் ஓட்டிக்கிட்டிருந்தாரு. 1997 கத்திரி வெயில்ல ஒருநாள், திருப்பூர் காதர்பேட்டையில வண்டிய நிறுத்திட்டு பண்டல் ஏத்தற வேலையாப் போனாரு. திரும்பி வந்து பார்த்தா, டேஷ்போர்டு மேல வெச்ச கேசட் அப்பளமாட்டம் நெளிஞ்சு கெடக்குது. சினிமாப் பாட்டுன்னா போய்த் தொலையுதுன்னு விட்டிருப்பாரு. அதுல இருந்தது அந்த வருசம் தை மாசம் தவறிப்போன எங்க அப்பத்தா பாடின தாலாட்டு. வேற பிரதி கிடையாது.

அது என்னாச்சுன்னு கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி, வண்டிக்குள்ள பாட்டுக் கேக்கற ஆசைக்கும் சூட்டுக்கும் நடந்த சண்டையைக் கொஞ்சம் பார்த்துடலாம்.

1930ல சிகாகோவுல கால்வின் சகோதரர்கள் 'மோட்டரோலா'ங்கற பேர்ல கார் ரேடியோ வித்தாங்க. அப்ப செட்டுக்குள்ள இருந்தது வால்வுங்க. இழை சூடானாத்தான் வால்வு வேலையே செய்யும். ஆக, அந்தக் காலத்துல சூடு வெயில்ல இருந்து மட்டும் வரல. செட்டே ஒரு குட்டி அடுப்பு!

1955ல பில்கோ கம்பெனி கிரைஸ்லர் காருக்கு முழுக்க டிரான்சிஸ்டர்லயே ரேடியோ செஞ்சுது. அடுப்பு அணைஞ்சுது. ஆனா அந்த டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்துல செஞ்சது. 75 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே தடுமாற ஆரம்பிக்கும். பின்னாடி வந்த சிலிக்கான் 150 டிகிரி வரைக்கும் தாங்குச்சு. அப்பாடா, சூட்டை ஜெயிச்சாச்சுன்னு நெனைக்கறீங்களா? அதுதான் இல்லை. 1963ல பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தாங்க. செட்டு தாங்கினாலும், அதுக்குள்ள போடற பிளாஸ்டிக் தாங்கலை. 1982ல வந்த சிடி கொஞ்சம் தேவலை. ஆனா நாம வீட்டுல 'எழுதின' எம்பி3 சிடியில இருக்கற சாயம் வெயிலும் சூடும் பட்டா கெட்டுப்போகும்.

வண்டிக்குள்ள அப்படி எவ்வளவுதான் சூடுன்னு கேக்கறீங்களா? அரிசோனாவுல அளந்து 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வெளியில 38 டிகிரிக்கு மேல இருக்கற நாள்ல, வெயில்ல ஒரு மணி நேரம் நின்ன காருக்குள்ள காத்து சராசரியா 47 டிகிரி. டேஷ்போர்டு 69 டிகிரி! நிழல்ல நின்ன காருல டேஷ்போர்டு 48தான். ஒரு மர நிழல் 20 டிகிரியைக் குறைக்குது பாருங்க.

இந்த 20 டிகிரி சின்ன விசயமில்லீங்க. செட்டுக்குள்ள இருக்கற மின்தேக்கிகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 10 டிகிரி ஏறினா ஆயுசு பாதியாகும். 20 ஏறினா கால்வாசிதான் மிஞ்சும்.

அதனால என் அனுபவத்துல சொல்றது இதுதான். வேப்பமரமோ புங்கமரமோ பார்த்து நிறுத்துங்க. மரம் கிடைக்கலைன்னா டேஷ்போர்டு மேல வெள்ளைத் துணி விரிங்க. நம்மூர்ல வெள்ளைப் பனியன் துணிக்கா பஞ்சம்? :-) வண்டிய எடுக்கும்போது கதவைத் திறந்து அனலை வெளிய விட்டு, அஞ்சு நிமிசம் கழிச்சு செட்டைப் போடுங்க. கழட்டற மாதிரி முகப்பு இருந்தா, கையோட எடுத்துட்டுப் போயிடுங்க. திருடனுக்குப் பயந்து செஞ்ச வசதி, வெயிலுக்கும் உதவும்.

சரி, அப்பத்தா கதைக்கு வருவோம். சித்தப்பா அந்தக் கேசட்டைப் பல்லடம் ரோட்டுல ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனாரு. கடைக்கார அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஓடுதானுங்க போச்சு, நாடா நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. கேசட் ஓடு இளகிற பிளாஸ்டிக். நாடா பாலியெஸ்டர். அது உருக 250 டிகிரி தாண்டணும். அஞ்சு ஸ்க்ரூவைக் கழட்டி, நாடாவை வேற ஓட்டுக்கு மாத்திக் குடுத்தாரு. ரெண்டு எடத்துல குரல் லேசா அலையும். அவ்வளவுதான்.

2005ல அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி மூணு பிரதி எடுத்து வெச்சேன். சித்தப்பா இன்னைக்கும் வண்டிய நிறுத்தினா, இறங்கறதுக்கு முன்னாடி டேஷ்போர்டு மேல பனியன் துணியைப் போர்த்திட்டுத்தான் இறங்குவாரு. அதைப் பார்க்கறப்பெல்லாம் தூங்கற கொழந்தைக்குப் போர்த்தற மாதிரியே இருக்கும்.

உங்க வீட்டுலயும் வெயில்ல நெளிஞ்ச கேசட் ஏதாச்சும் பரண்ல கெடக்கா? தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஓட்டை மட்டும் மாத்திப் பாருங்க மக்களே.