நூல் அறுந்த மணிகள்

கண்ணாடியில் செங்கல் சிவப்பைக் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. செம்பு கலந்த கண்ணாடிக் குழம்பை, காற்று அதிகம் புகாத சூட்டில் பக்குவமாக வைத்திருக்க வேண்டும். காற்று புகுந்தால் அதே செம்பு பச்சையாகவோ நீலமாகவோ மாறிவிடும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் இந்தக் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள். 1945-ல் வீலர் அங்கே தோண்டியபோது எல்லோர் கண்ணும் ரோமானியப் பானை ஓடுகள் மேல்தான். மணிகள் பக்கம் நிதானமாகத் திரும்பியவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர். பெரும்பாலும் ஆறு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் இந்தப் பொடி மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

பாரூரில் உட்கார்ந்து மணி கோர்க்கிற எனக்கு இதெல்லாம் எதற்கு? டிசைன் வேண்டுமென்றால் போனைத் திறந்தால் போதும், ஜப்பான் மணியும் செக் நாட்டு மணியும் கொட்டுகின்றன. ஆனால் அங்கே பார்ப்பதெல்லாம் முடிந்துபோன நகை. மணி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குக் கை ஓடியது.

அது பிறப்பதை இன்றும் பார்க்க முடிகிற இடம் ஆந்திராவில், ரேணிகுண்டாவுக்குப் பக்கத்தில் உள்ள பாப்பாநாயுடுபேட்டை. நீளமான இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைக் கூம்பு மாதிரிச் சேர்க்கிறார்கள். அடுப்பின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர் கொக்கியால் அதன் நுனியைப் பிடித்து இழுக்கிறார். உள்ளே துளையோடு கண்ணாடிக் குழாய் வந்துகொண்டே இருக்கும், மணிக்கணக்கில். குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலில் புரட்டி மறுபடி சூடாக்கினால் வெட்டிய ஓரம் மழுங்கி உருண்டுவிடும். சாம்பல் இல்லாவிட்டால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், துளையும் அடைத்துப்போகும். அரிக்கமேட்டுக் குப்பையில் கிடைத்த உடைசல்கள் இதே முறையைத்தான் காட்டுகின்றன.

இந்தோனேசியாவின் திமோர் தீவில் இத்தகைய ஆரஞ்சுச் சிவப்பு மணிகளை ‘மூட்டிசாலா’ என்கிறார்கள். அங்கே அது குடும்பச் சொத்து, பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசப் பொருள். அடுப்பு முன் வெந்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

என் தோழி ஒருத்தி கல்யாணத்துக்குக் கருகமணி கோர்த்துத் தரச் சொன்னாள். வீட்டில் தெலுங்கு, போகிற வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இது சகஜம். அவள் அம்மாவுக்கு அது ‘நல்லபூசலு’, மாமியாருக்குக் ‘கரிமணி’. தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கருப்பு. நல்ல மணி என்றுதான் இவ்வளவு நாள் நினைத்தேன் என்று நான் சொன்னதும், “இருந்துட்டுப் போகட்டும்டி, அதுவும் சரிதான்” என்றாள். மூன்று மொழியிலும் பொருள் கருப்பு மணிதான். ஆயுசுக்கும் கழுத்தில் கிடக்கப்போகிற பொருள், நாலு மாதத்தில் சாயம் போகிற பிளாஸ்டிக்கை எப்படிக் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் பாசி விற்கும் நரிக்குறவ அம்மாவிடம் போனேன். ஒரு சரத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “சில்லுன்னு இருந்தா கண்ணாடி, கண்ணு. இல்லேன்னா வேற.” உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகரிலிருந்து கண்ணாடி மணி நாடு முழுக்கப் போகிறது, இவர்கள் கைக்கும் வருகிறது. ஊர் ஊராக மணியைக் கொண்டுபோய்ச் சேர்த்த இந்த மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை ஆனது.

கல்மணிக்கு வருகிறேன். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலைப் பதிற்றுப்பத்து இரண்டு இடங்களில் சொல்கிறது. 1985-லிருந்து நடந்த அகழாய்வுகளில் படிகம், பெரில், நீலக்கல், சூதுபவளம் என்று மணிகளும் பாதி செய்து விட்டவையும் கிடைத்தன. பெரில் பக்கத்துப் படியூரில் கிடைக்கிற கல். சூதுபவளத்துக்கான மூலக்கல்லோ குஜராத்திலிருந்து வரவேண்டும். கல்லைச் சூடாக்கினால் அதிலுள்ள இரும்பு சிவக்கும். பிறகு உடைத்து, தேய்த்து, இரண்டு பக்கமிருந்தும் துளை போட வேண்டும். இரண்டு துளையும் நடுவில் சரியாகச் சந்திக்காத பழைய மணியைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். யாரோ ஒருத்தருக்கு அன்று கை நடுங்கியிருக்கிறது.

கொடுமணலில் ஒரே ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, எப்படிக் கோர்த்திருந்தார்கள்? ஒரு சரமா, பத்துச் சரமா, இடுப்பிலா கழுத்திலா? நூல் மட்கிவிட்டது. மணி மிஞ்சும், மாலை மிஞ்சாது. அது தெரிய ஒரே வழி, மணிகள் மண்ணில் கிடக்கும் கிடையை அசைக்காமல் வரைந்து வைப்பது. பொறுமையாகச் சுரண்டும் ஆய்வாளருக்கு மட்டும்தான் அந்த டிசைன் கிடைக்கும்.

எங்கள் மாவட்டத்திலும் பெருங்கற்காலக் குழிகளுக்குக் குறைவில்லை. பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறை இரும்பின் காலம் கிமு 2172 என்று 2022-ல் அறிவித்தபோது ஊரே பேசியது. மணிகளுக்கு அந்த யோகம் இல்லை. கிரானைட் குவாரிக்காகப் பாறையைப் பிளக்கிற மாவட்டம் இது. கல்வட்டத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, புதையல் தேடி எவனோ குழியைக் குடைந்த பிறகு, மணி ஒருவேளை கைக்குக் கிடைக்கலாம். அப்படிப்பட்ட பழைய மணி இருக்கிறது, வாங்கிக்கொள்கிறாயா என்று என்னிடமே ஒருவர் கேட்டார். சிவப்பாக, அழகாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். எதற்குப் பக்கத்தில் எது கிடந்தது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.