யார் கையால் வாங்குவது?

தஞ்சாவூர்ச் சீமையில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். பறையர். தஞ்சை ராஜாவின் படையில் சேவகம் பார்த்தவர். புதிய ஏற்பாட்டைத் தானே வாசித்து, தரங்கம்பாடி லுத்தரன் மிஷனோடு சேர்ந்து, ஊர் ஊராக நடந்து சபைகளை உண்டாக்கியவர். 1741-ல் மிஷன் இன்னொரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தீர்மானித்தது. பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கனுக்குத் தகுதி இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சூத்திரக் கிறிஸ்தவர்கள் ஒரு பறையர் கையால் இராப்போஜனம் வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

திருச்சபையில் பெண் தலைமை பற்றி எழுதும்போது ஒரு ஆம்பளை கதையை ஏன் முதலில் எடுக்கிறேன் என்று தோழர்கள் கேட்கலாம். பெண் குருவுக்கு எதிராக வேதத்திலிருந்து எத்தனையோ வசனம் எடுத்துக் காட்டுகிறார்கள். பவுல் சொன்னார், ஏவாள் முதலில் விழுந்தாள், பன்னிரண்டு பேரும் ஆண்கள். இதெல்லாம் மேலே போர்த்திய துணி. துணியை விலக்கினால் ராஜநாயக்கனிடம் கேட்ட அதே கேள்விதான் கிடக்கிறது: அந்தக் கையால் யார் வாங்குவது? தீட்டு என்ற ஒரே வார்த்தையை நமக்கும் வைத்தார்கள், பெண்ணுக்கும் வைத்தார்கள். ரெண்டும் சேர்ந்தவள் தலித் பெண்.

திருச்சிக்கு வருவோம். சுவார்ட்ஸ் ஐயர் 1762-ல் இங்கே வந்தார், 1766-ல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயம் கட்டினார். 1778-ல் அவர் பாளையங்கோட்டைக்குப் போய் ஞானஸ்நானம் கொடுத்த பெண் கிளாரிந்தா. மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியோடு வாழ்ந்தவர் என்பதால் முன்பு தஞ்சாவூரில் கேட்டபோது சுவார்ட்ஸ் கொடுக்க மறுத்திருந்தார். லிட்டில்டன் செத்த பிறகுதான் கொடுத்தார். 1780-ல் பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டில் 40 பேர். அந்த 40 பேரையும் கட்டி மேய்த்தது அந்தப் பெண்தான். 1785-ல் முடிந்த கோயிலை எழுப்பியவரும் அவரே. தங்களுக்கு ஒரு உபதேசியார் வேண்டுமென்று கேட்டு வாங்கியவரும் அவரே. அப்படி வந்த சத்தியநாதனுக்கு 1790-ல் குருப்பட்டம் கிடைத்தது. கிளாரிந்தாவுக்கு என்ன கிடைத்தது? சனங்கள் அந்தக் கோயிலைப் பாப்பாத்தியம்மா கோயில் என்றார்கள். சபையை உண்டாக்கினவள் பேர் மறைந்தது, சாதி நின்றது. அவர் பிராமணப் பெண்ணாக இருந்ததால்தான் சரித்திரப் புத்தகத்தில் இவ்வளவாவது வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே 40 பேரில் இருந்த மற்ற பெண்களைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

1826 ஏப்ரலில் பிஷப் ஹீபர் திருச்சியில் குளிக்கப் போய் நீரில் மூழ்கி இறந்தார். சாதியை ஒரு சமூக வழக்கமாகப் பார்த்து விட்டுப்பிடிக்கலாம் என்ற போக்கு அவருக்கு இருந்தது. பின்னால் வந்த பிஷப் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள் சாதி கூடாது, ஒன்றாக உட்கார வேண்டும், ஒன்றாகத் திருவிருந்து எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் சாதிக்காரர்கள் கும்பலாக வெளியேறினார்கள். 1835-ல் வில்சன் திருச்சிக்கே வந்து இதை வலியுறுத்தினார். இன்று திருச்சியில் யார் பேரில் கல்லூரி இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

கத்தோலிக்கப் பக்கம் நிலைமை வேறு மாதிரி. சாதிக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்களில் விதவை மறுமணம் கூடாது. ஞானஸ்நானத் தண்ணீர் அந்த வழக்கத்தை நனைக்கக்கூட இல்லை. இந்த நிலையில் 1858-ல் திருச்சியில் அன்னம்மாள் என்ற விதவை தொடங்கியது புனித அன்னாள் சபை, விதவைகளுக்கான துறவறச் சபை. மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் வெளியே வந்து அனாதைகளை வளர்த்தார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆண் துணை இல்லாமல் ஒரு நிறுவனத்தை நடத்த முடியும் என்று காட்டினார்கள். நான் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் கன்னியர் மடத்துக்கு உள்ளேயும் சாதி உண்டு. சேரிப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று மடத்துக்குள் போன பாமா, அங்கே கண்டதைத் தாங்காமல் ஏழு வருசத்தில் வெளியே வந்தார். 1992-ல் வந்த ‘கருக்கு’ அதைச் சொன்னது. இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடியில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், மேல்மட்டத் தலைமையில் அவர்கள் மிகக் குறைவு என்றும் 2016-ல் ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் ஒத்துக்கொண்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களுக்கும் மற்றவர் பிணங்களுக்கும் நடுவே சுவர் எழுப்பியது இதே ஊர்தான்.

சீர்திருத்தச் சபைகளுக்குத் திரும்பினால் இன்னொரு வேடிக்கை. குருவானவரை நம்ம சனம் ‘ஐயர்’ என்றுதான் கூப்பிட்டது. வெள்ளைக்காரனும் ஐயர், பிறகு நம்ம சாதியில் பட்டம் வாங்கினவரும் ஐயர். அந்தப் பட்டத்தில் நமக்கு ஒரு திருப்தியும் இருந்தது, பொய் சொல்ல வேண்டாம். ஐயர் பெண்டாட்டி ஐயரம்மா. உபதேசியார் பெண்டாட்டி உபதேசியாரம்மா. பேராயர் மனைவி என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவியாவது இன்றும் நடக்கிறது. ஒரு பெண் தானாக எதுவாகவும் ஆகலாம் என்று அந்தச் சொற்களுக்குத் தெரியவில்லை.

சம்பளத்துக்கு ஊழியம் செய்த பெண்கள் இருந்தார்கள், பைபிள் அம்மாக்கள். எங்க அப்பாயி அப்படி ஒருத்தர். கூடையில் வேதப் புத்தகமும் வெற்றிலைப் பையும் கிடக்கும். பிரசவ வீடு, சாவு வீடு, குடிகாரன் வீடு எல்லாம் நடப்பார். செபம் பண்ணுவார், எழுத்துக் கற்றுக்கொடுப்பார், புருஷனை மிரட்டுவார். ஐயர் மாதம் ஒருமுறை வண்டியில் வந்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போவார். “பயிரு வைக்கிறது நாம, அறுக்கிறது அவுரு” என்று அப்பாயி சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவார்.

தென்னிந்தியத் திருச்சபை 1976-லிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இந்த நூற்றாண்டில்தான் அந்தக் கதவைத் திறந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக புஷ்ப லலிதா 2013 செப்டம்பரில் அபிஷேகம் பெற்றார், ஆந்திரத்து நந்தியால் திருமண்டலத்துக்கு. முதல் பட்டத்துக்கும் முதல் பேராயருக்கும் நடுவே 37 வருசம். கத்தோலிக்கச் சட்டம் 1024-வது பிரிவில் ஞானஸ்நானம் பெற்ற ஆண் மட்டுமே குருவாகலாம் என்கிறது. 1994-ல் போப் இரண்டாம் ஜான் பால் இனி இதில் பேச்சே கிடையாது என்று முடித்தார். பீடத்தில் வாசகம் வாசிப்பதும் பூசைக்கு உதவுவதும் பெண்களுக்கும் முறையான பணியாகச் சட்டத்தில் ஏறியது 2021-ல். வாசித்துக்கொண்டிருந்தவர்கள் முன்பே வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கொள்ளிடத்துக்கும் காவேரிக்கும் நடுவே ஸ்ரீரங்கம். ஆண்டாள் பாட்டு இல்லாமல் அங்கே மார்கழி விடியாது, ஆனால் கருவறையில் பெண் கை படக்கூடாது. உறையூர்ப் பாணரை லோகசாரங்கர் தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோனார் என்று கதை. போனவர் அரங்கனோடு கலந்துவிட்டாராம். சிதம்பரத்தில் நந்தனும் அப்படித்தான். உள்ளே போன நம்மாள் யாரும் நடந்து திரும்பி வந்ததாகக் கதை கிடையாது. அந்த ஸ்ரீரங்கத்தில், கோயில் நடத்தும் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் படித்த மூன்று பெண்கள் 2023 செப்டம்பரில் சான்றிதழ் வாங்கினார்கள். ஆகமம் தடுக்கிறது என்று உடனே குரல் எழுந்தது. பவுல் தடுக்கிறார் என்பவர்களும் ஆகமம் தடுக்கிறது என்பவர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேர் வேண்டாம், ஒரு கோயிலில் திருவிருந்து. கிராதிக்கு இடப்பக்கம் அப்பம் கொடுத்தது ஒரு பெண் குரு, வலப்பக்கம் ஆண் குரு. இடப்பக்கம் முழங்கால் போட்ட நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வலப்பக்கம் போனார்கள். அதில் பெண்களும் உண்டு. எனக்குப் பக்கத்தில் காலனியிலிருந்து வந்த ஒரு கிழவி நகராமல் கையை நீட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் அவுங்க போனாங்க என்று.

“நம்ம கையில தண்ணி வாங்காத ஆளுங்கதான் பாப்பா அவுங்க” என்றார். பிறகு, “அந்தப் பொண்ண என்னன்னு கூப்புடணும்? ஐயரம்மான்னா அவ புருஷனத் தேடறாங்க” என்று கேட்டார்.