அகழாய்வு விதிகளும் அவையோர் கருத்தும்

ஒரு நூல் அரங்கேறுமுன் அவையோர் அதனைக் கேட்டுத் தடை எழுப்புதலும், ஆசிரியர் அத்தடைக்கு விடை கூறுதலும் தமிழ் மரபாகும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதென்று அதன் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. நூலுக்கு வாய்த்த இம்முறை, ஆராய்ச்சிக்கு இசைவும் பொருளும் வழங்கும் அரசு விதிகளுக்கும் உண்டா? உண்டெனின், தமிழாய்வுலகம் அதனை எந்நிலையில் பயன்கொண்டுள்ளது? மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வைகைச் சமவெளியில் அமைந்த கீழடியின் அகழாய்வை முன்னிட்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தடை கூறும் உரிமை

பாண்டிநாட்டில் சபை நடவடிக்கைக்கு விதி வகுத்த சான்றுகளுள் மானூர்க் கல்வெட்டுத் தலைசிறந்தது. மாறஞ்சடையன் காலத்ததாய், கி.பி. 800ஐ ஒட்டியதாகக் கருதப்படும் இக்கல்வெட்டு, சபையில் கலந்துகொள்வோர்க்குரிய தகுதிகளை வரையறுக்கின்றது. கொணரப்படும் கருத்து ஒவ்வொன்றையும் மறுத்துக் காரியத்தைக் குலைப்போர்க்கும், அவர்க்குத் துணைநிற்போர்க்கும் ஐந்து காசு தண்டமும் விதிக்கின்றது. எதனையும் மறுப்பதையே தொழிலாகக் கொள்ளுதல் இங்குக் குற்றமாயிற்றேயன்றி, தக்கதொரு பொருளில் மறுப்புரைத்தல் குற்றமாயிற்றில்லை. மறுப்பு, சபை நடைமுறையில் வழக்கமான ஒன்றாக இருந்தமையாலன்றோ அதற்கு எல்லை வகுக்க வேண்டியதாயிற்று! இக்காலச் சட்டத்தை நோக்குமிடத்தும் இவ்வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது.

2. முன்வெளியீட்டு முறையின் வரலாறு

அரசு வகுக்கும் விதிகளின் வரைவை முன்னரே வெளியிட்டு நாற்பது நாள் அறிவிப்புத் தருதல் வேண்டும் என்னும் முறையைப் பிரிட்டனில் 1893ஆம் ஆண்டின் விதிகள் வெளியீட்டுச் சட்டம் நிறுவிற்று. 1946இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டம் அதனை நீக்கிவிட்டது. இந்தியாவிலோ, 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. முன்வெளியீடு வேண்டுமென ஒரு சட்டம் கூறுமாயின், வரைவு வெளியிடப்படல் வேண்டும்; அதனை ஆராயத் தொடங்கும் நாள் குறிக்கப்படல் வேண்டும்; அந்நாளுக்குமுன் எவரிடமிருந்து மறுப்போ கருத்தோ வந்தாலும் அதிகாரி அதனை ஆராய்தல் வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம்.

இதன்கண் இரு கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, கருத்துரைப்போர் அறிஞராகவோ அலுவலராகவோ இருத்தல் வேண்டும் என்னும் வரையறை இல்லை. இரண்டாவது, முன்வெளியீட்டின்பின் வகுக்கப்பட்டதாக அரசிதழில் ஒரு விதி வெளிவந்துவிட்டால், அது முறைப்படி வகுக்கப்பட்டது என்பதற்கு அதுவே முடிந்த சான்றாகிவிடும். ஆகவே வாயில் அகன்றது. திறந்திருக்கும் காலமோ குறுகியது.

3. அகழாய்வு உரிமம்

1904ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் 1932இல் திருத்தப்பட்டபின், அரசுத்துறை சாராத அமைப்புகளும் உரிமம் பெற்று அகழ்வதற்கு வழி ஏற்பட்டது. சிந்துவெளியில் சானுதரோவை அமெரிக்க நிறுவனங்களின் சார்பில் மக்கே 1935–36இல் அகழ்ந்தது இவ்வழியிலேயே ஆகும். விடுதலைக்குப்பின் 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1959இல் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்தன.

பாதுகாக்கப்பட்ட பகுதியில் அகழ விரும்புவோர், தொடங்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. விண்ணப்பிப்போர் நிலை, அகழாய்வை நடத்துவோர் திறம், பணியாளர் போதுமான அளவு இருத்தல் முதலியவற்றை நோக்கித் தலைமை இயக்குநர் உரிமம் வழங்குவர். மறுக்கப்பட்டோர் மத்திய அரசுக்கு மேல்முறையிடலாம். பாதுகாக்கப்படாத இடங்களில் மாநில அரசு அகழ்வதற்கும் மத்திய அரசின் முன்னிசைவு வேண்டும் என்பது 24ஆம் பிரிவு.

இச்சட்டத்தின் விதிகள் முன்வெளியீட்டுக்கு உட்பட்டே வகுக்கப்படல் வேண்டும் என 38ஆம் பிரிவு கூறுகின்றது. ஆயின், 24ஆம் பிரிவு விதிகளோடு கட்டளைகளையும் சேர்த்துக் கூறுகின்றது. விதிக்கு முன்வெளியீடு உண்டு. கட்டளைக்கு அது கூறப்பட்டிலது. தனித்தனி விண்ணப்பத்தின்மேல் எடுக்கப்படும் முடிவுக்கும் பொதுக்கருத்துக் கேட்கும் கடப்பாடு இல்லை. அமெரிக்க நாட்டிலும் இத்தகைய இடைவெளி உண்டு. அங்கு 1946ஆம் ஆண்டின் நிருவாக நடைமுறைச் சட்டம் விதிகளுக்கு முன்னறிவிப்பும் கருத்துக்கேட்பும் வேண்டுமென்று கூறிவிட்டு, நல்கைகள் பற்றிய பொருளை அக்கடப்பாட்டினின்று விலக்கி வைத்தது.

4. கீழடி காட்டும் பாடம்

மத்தியத் தொல்லியல் துறை, வைகைக் கரையில் கள ஆய்வு செய்து 293 இடங்களைக் கண்டறிந்தபின், கீழடியில் 2015இல் அகழாய்வைத் தொடங்கியது. தென்னந்தோப்புகளின் உரிமையாளர் இசைந்து நிலம் தந்தமையால் பணி நடந்தது. மூன்றாம் கட்டத்துக்குரிய இசைவு 2017இன் தொடக்கத்தில் காலந்தாழ்ந்தது. முதலிரு கட்டங்களை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணா அவ்வாண்டே அசாமுக்கு மாற்றப்பட்டார். தொல்பொருள்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்வது பற்றியும், ஆய்வைத் தொடர்வது பற்றியும் பொதுநல வழக்குகள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின்முன் வந்தன.

2018இல் நான்காம் கட்டத்தை மாநிலத் தொல்லியல் துறை மேற்கொண்டது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரி கி.மு. 580ஆம் ஆண்டினது என்னும் முடிவை அத்துறை 2019இல் வெளியிட்டது. முதலிரு கட்டங்கள் பற்றிய 982 பக்க அறிக்கை 2023 சனவரியில் மத்தியத் துறையிடம் அளிக்கப்பட்டு, 2025 மே மாதத்தில் திருத்தம் வேண்டித் திருப்பப்பட்டது. கி.மு. ஆறாம் நூற்றாண்டு எனக் காட்டப்பெற்ற காலத்தின் அறிவுப்பயன், அறிக்கை வெளிவரும் முறையைச் சார்ந்து நிற்றல் இதனால் விளங்கும்.

இங்கு நிகழ்ந்தது யாது? மக்கள் கருத்து வலிமையோடு எழுந்தது. ஆனால் முடிவுகள் நிகழ்ந்தபின்னரே எழுந்தது. நீதிமன்றம் நடந்ததைத் திருத்தலாம். விதியை வகுக்கும் அவையாக அது அமைதல் அரிது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பயிற்சி நிறுவனம் 2020இல் முதுநிலைப் பட்டயப்படிப்புக்கு விண்ணப்பம் கோரியபோது, தகுதியாக ஏற்கப்பட்ட மொழிகளுள் தமிழைச் சேர்த்திலது. தமிழகத்தில் மறுப்பு எழுந்தது. அக்டோபர் 8ஆம் நாள் வெளிவந்த திருத்த அறிவிப்பில் தமிழும் வேறு சில செம்மொழிகளும் இடம்பெற்றன. விண்ணப்ப நிலையிலேயே எழுந்த மறுப்புச் சில நாளில் பயன் தந்தது. பல்லாண்டு வழக்காடித் தேடிய பயன் அரிதின் எய்தியது. இரண்டையும் ஒப்பிடுவோர்க்குக் காலத்தின் அருமை புலனாகும்.

5. மொழியும் எல்லையும்

மத்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றது. கீழடியில் நிலம் தந்த உழவர்க்கு அவ்வரைவு எட்டுமாறு எங்ஙனம்? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாம் அட்டவணை மொழிகளில் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2020 சூன் 30இல் பணித்ததும், மத்திய அரசு அதனை எதிர்த்து மேல்முறையிட்டதும் இவ்வினா தொல்லியலுக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டும்.

இனி, பொதுக்கருத்துக்கும் எல்லை உண்டு. ஒரு மண்ணடுக்கின் காலம் எது என்பதைப் பலர் விருப்பத்தால் துணிதல் ஆகாது. அது சான்றறிந்த அறிஞர்க்கே உரியது. விண்ணப்பத்தை எத்தனை நாளில் முடித்தல் வேண்டும், மறுப்புக்குக் காரணம் கூறல் வேண்டுமா, அறிக்கையை எக்காலத்தில் வெளியிடல் வேண்டும், தொல்பொருள் எங்கே இருத்தல் வேண்டும் என்பனவோ எல்லார்க்கும் உரிய வினாக்கள். இவற்றுக்குரிய விதிகள் வரைவு நிலையில் இருக்கும்போதே கருத்துச் சொல்லப்படல் வேண்டும்.

முடிவுரை

முன்வெளியீட்டு வாயில் நூற்றாண்டுக்கு மேலாகத் திறந்தே உள்ளது. நாம் அவ்வழிச் செல்லாது, வாயில் அடைத்தபின் கதவைத் தட்டும் வழக்கம் கொண்டுள்ளோம். தமிழ்த்துறைகள் தொல்லியல், சுவடியியல், கல்வெட்டியல் தொடர்பான வரைவுகளை அரசிதழில் தொடர்ந்து நோக்கி, அவற்றின் சாரத்தைத் தமிழில் வெளியிட்டு, குறித்த நாளுக்குள் சான்றோடு கருத்தனுப்புதலைத் தம் கடனாகக் கொள்ளுதல் தகும். மானூர்ச் சபையோர் கண்டித்தது வெற்று மறுப்பை. ஆராய்ந்து கூறும் மறுப்போ அவைக்கு அணியாகும். அதனைக் காலத்தே கூறுதல் ஆய்வுக்கும் காவலாகும்.