டாலினில் அந்த மூன்று வாரம்

வங்கி சர்வர்களைக் காவல் காப்பதே என் பிழைப்பு. 2007 ஏப்ரல் கடைசியில், இரவுப் பணியில் இருந்தபோதுதான் எஸ்தோனியாவின் பெயர் என் மனதில் பதிந்தது. சுமார் 13 லட்சம் பேர் வாழும் பால்டிக் நாடு அது.

தலைநகர் டாலினின் நடுவே நின்ற சோவியத் போர்வீரனின் வெண்கலச் சிலையை அரசு ராணுவக் கல்லறைக்கு மாற்றியது. அதை எதிர்த்துத் தெருவில் கலவரம் மூண்டது. கையோடு இணையத்திலும் தீ பற்றியது. நாடாளுமன்றம், அமைச்சகங்கள், வங்கிகள், பத்திரிகைகள் என்று எல்லாத் தளங்களிலும் பொய்க் கோரிக்கைகள் வெள்ளமாய்க் கொட்டின. பூட்டை உடைத்துத் திருடுகிற வேலையல்ல இது. எதுவும் வாங்காத கூட்டம் கடை வாசலை அடைத்துக்கொண்டு, வாங்க வருபவரை உள்ளே விடாமல் செய்வது. கூட்டத்தில் பல, வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள். அவற்றின் சொந்தக்காரர்களுக்கே விஷயம் தெரியாது. போஸ்டிமீஸ் நாளிதழ் வெளிநாட்டு வாசகர்களுக்குக் கதவைச் சாத்தித்தான் உள்ளூர்க்காரர்களுக்குச் செய்தி கொடுத்தது. ஏறத்தாழ மூன்று வாரம் இப்படி.

அதற்கு முந்தைய மாதம்தான் அந்நாட்டவர் நாடாளுமன்றத் தேர்தலில் இணையம் வழியாக வாக்களித்திருந்தார்கள். இணையவழி அழைப்புச் சேவையான ஸ்கைப்பின் மென்பொருளை எழுதியவர்களும் எஸ்தோனியர்களே. 2005-இல் ஈபே அதை 260 கோடி டாலருக்கு வாங்க, முதலீட்டாளர்களின் கண் டாலின் பக்கம் திரும்பியிருந்தது. இந்த அடியோடு பணம் ஓடிவிடும் என்றே நினைத்தேன். ஓடவில்லை. 2011-இல் பணம் அனுப்பும் சேவையான வைஸ், 2013-இல் வாடகைக் கார் செயலியான போல்ட் என்று எஸ்தோனியர்கள் தொடங்கிய நிறுவனங்களைத் தேடி வந்தது.

அடிபட்டதை அந்த நாடு மறைக்காததே காரணம் என்பது என் கணிப்பு. தாக்கப்படுகிறோம் என்று உலகறியச் சொன்னார்கள். மறு ஆண்டே நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் டாலினில் அமைந்தது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஓட்டை ஒன்றைக் கண்டு சொன்னபோது, "வெளியே மூச்சு விடாதே" என்றார் மேலதிகாரி. அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

அந்த நாடோ பத்தாண்டு கழித்தும் மறைக்கவில்லை. 2017-இல் எஸ்தோனிய அடையாள அட்டைகளின் சிப்பில் குறை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். சிக்கியவை ஏழரை லட்சம் அட்டைகள். அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். ஆறப்போட எல்லா வசதியும் இருந்தும், செப்டம்பரிலேயே பிரதமர் யூரி ரதாஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டார். நவம்பரில் அந்த அட்டைகளின் பழைய டிஜிட்டல் சான்றிதழ்களை முடக்கினார்கள். மக்கள் வீட்டுக் கணினியிலும், வரிசையில் நின்றும் புதுப்பித்துக்கொண்டார்கள்.