ஐம்பது சுற்று

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிறது வல்லம். தஞ்சாவூர் வல்லம் வேறு, ஸ்ரீபெரும்புதூர் வல்லம் வேறு. இது மல்லாட்டை வல்லம்! அந்தப் பக்கம் போய் 'நிலக்கடலை என்ன விலை?' என்று கேட்டால், ஆள் வெளியூர் என்று உடனே தெரிந்துவிடும். மணிலாக் கொட்டை என்ற பெயர் வாய்க்கு வாய் உருண்டு மல்லாட்டை ஆகியிருக்கிறது. பயிர் பிறந்தது தென் அமெரிக்காவில். பெயரில் ஒட்டிக்கொண்டது பிலிப்பைன்ஸின் தலைநகரம். போகட்டும், நம்ம ஊர் இட்லிக்கும் இப்படி ஏதாவது ஒரு பாஸ்போர்ட் இருக்கும்.

19-ம் நூற்றாண்டின் பின்பாதியில், பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் விளைந்த மல்லாட்டை பாண்டிச்சேரியில் கப்பலேறி பிரான்ஸின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெய் ஆனது, சோப்பு ஆனது. 1879-ல் விழுப்புரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் ரயில் வந்தது. 1940-ல் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டி.எம்.வி. 2 என்ற ரகம் வந்தது. குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து பொறுக்கி எடுத்த ரகம். டி.எம்.வி. என்றால் வேறொன்றுமில்லை, திண்டிவனம்தான்! ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் பல தலைமுறை விவசாயிகள் நம்ம ஊர் இனிஷியலைச் சொல்லித்தான் விதை கேட்டார்கள்.

இத்தனை பெரிய கதையும் கடைசியில் ஒரு சின்ன வேலையில் வந்து தொங்குகிறது. கொட்டையை மண்ணுக்குள் எப்படிப் போடுவது?

கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? நெல்லுக்கு உமி கவசம் மாதிரி இருக்கிறது. உரித்த மல்லாட்டைப் பருப்புக்கு இருப்பது மெல்லிசான ஒரு தோல் மட்டும். அது உரிந்தாலோ, பருப்பு இரண்டாகப் பிளந்தாலோ முளைக்காது. ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு வேண்டும். சாகுபடிச் செலவில் பெரிய பங்கு விதைக்கே போய்விடும். வரிக்கு வரி 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்பது கணக்கு. அப்படியானால் ஒரு ஏக்கருக்கு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் இடத்தில் கொட்டை விழவேண்டும். ஆழம் நாலைந்து சென்டிமீட்டர். மேலே கிடந்தால் காய்ந்துபோகும், காக்கா தின்னும். ரொம்ப உள்ளே போனால் முளை வெளியே வரத் திணறும். மானாவாரி நிலத்தில் இதையெல்லாம் ஒரு மழை பெய்து ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும்.

ஏர் முன்னால் போகும். பின்னால் பெண்கள் சாலில் ஒவ்வொரு கொட்டையாகப் போட்டுக்கொண்டே நடப்பார்கள். ஒரு ஆள் விரல் கணக்கில் இடைவெளி விடுவாள், இன்னொரு ஆள் அவசரத்தில் இரண்டாகப் போடுவாள். நிலத்துக்காரர் வரப்பில் நின்று சத்தம் போடுவார். 'ஆளை நம்ப முடியலை, மிஷின் வேணும்' என்ற எண்ணம் இந்த வரப்பிலிருந்துதான் கிளம்புகிறது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்திலும் அங்கேயிருந்துதான் கிளம்பியது.

ஜெத்ரோ டல் என்று ஒருவர். 1674-ல் பிறந்தவர். படித்தது சட்டம், பிடித்தது ஆர்கன் வாசிப்பு, வாழ்ந்தது விவசாயத்தில். தான் சொன்னபடி தீவன விதையை வரிசையாக, அளவாகப் போட வேலையாட்கள் ஒத்துவரவில்லை என்று அவருக்கு ஒரே கோபம். சொன்னதைச் செய்கிற ஒரு ஆளை மரத்தில் செய்தால் என்ன? ஆர்கனுக்குள் இருக்கிற வரிப்பள்ளம், நாக்கு, ஸ்பிரிங் இதையெல்லாம் யோசித்துப் பார்த்து, 1701 வாக்கில் ஒரு விதைப்பு மிஷின் செய்தார். பெட்டியிலிருந்து விதை அளவாக இறங்கும், குழாய் வழியாகச் சாலில் விழும். 1731-ல் புத்தகமும் போட்டார். எருவே தேவையில்லை, மண்ணைக் கிளறினால் போதும் என்றும் அதில் அடித்துச் சொன்னார். மேதைகளுக்கு அந்த உரிமை எப்போதும் உண்டு.

விதைப்பு மிஷின் என்றாலே டல்லின் பெயர்தான் பாடப்புத்தகத்தில் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தின் கேப்டன் தாமஸ் ஹால்காட்டும் அப்படித்தான் நினைத்திருந்தார். 1790-களில் குண்டூர்ப் பக்கம் ஒருநாள் குதிரையில் வயல்வழியே போனபோது, எதிரே ஒரு விதைக்கலப்பை ஓடிக்கொண்டிருந்தது! விசாரித்தால், 'இதுவா, எங்க பாட்டன் பூட்டன் காலத்திலேர்ந்து இருக்கே' என்கிற மாதிரி பதில். மனிதர் நேர்மையானவர். ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்று தான் எண்ணியிருந்ததையும் சேர்த்தே லண்டன் விவசாய வாரியத்துக்கு எழுதினார். அந்தக் கடிதங்களைத் தோண்டியெடுத்து 1971-ல் நம் பார்வைக்கு வைத்தவர் தரம்பால் என்ற காந்தியவாதி.

தெலுங்கில் அதன் பெயர் கொர்ரு, கன்னடத்தில் கூரிகெ. ஒரு மரக்கட்டை, அதில் வரிசையாகக் கொழுக்கள், ஒவ்வொரு கொழுவின் பின்னாலும் ஒரு மூங்கில் குழாய். எல்லாக் குழாயும் மேலே வந்து ஒரு மரக்கிண்ணத்தில் சேரும். கிண்ணத்தின் அடியில் குழாய்க்கு ஒரு துளை. மாடு இழுக்க, பின்னால் நடக்கிறவர், பெரும்பாலும் ஒரு பெண், கைப்பிடி விதையைக் கிண்ணத்தில் சீராக விட்டுக்கொண்டே வருவார்.

இந்தக் கருவியில் பல்சக்கரம் இல்லை, செயின் இல்லை. விதையை அளப்பது கை. கேழ்வரகு என்றால் பிடி ஒரு மாதிரி தளரும், சோளம் என்றால் வேறு மாதிரி. ஒரு குழாயில் மண் அடைத்துக்கொண்டால் அந்தத் துளையில் மட்டும் விதை தேங்கி நிற்கும், கண்ணுக்கு நேராகத் தெரியும். வண்டியை நிறுத்து, குச்சியால் குத்து, மறுபடி ஓட்டு. கொழு தேய்ந்தால் ஊர்க்கொல்லர், கட்டை விரிந்தால் ஊர்த்தச்சர். ஸ்பேர் பார்ட்ஸ் கடை கூப்பிடு தூரத்தில்!

1860-களில் சென்னை சைதாப்பேட்டையில் அரசாங்கம் ஒரு பரிசோதனைப் பண்ணை வைத்தது. கவர்னர் வில்லியம் டெனிசன் காலத்தில் தொடங்கிய ஆசை. சீமைக் கருவிகளைக் கொண்டுவந்து ஓட்டிக்காட்டினால் நம்ம குடியானவர்கள் ஓடிவந்து வாங்குவார்கள் என்று நினைத்தார்கள். யாரும் ஓடிவரவில்லை. 'அறியாமை' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், சொன்னவர்களும் உண்டு. ஆனால் குடியானவர் இடத்தில் நின்று பாருங்கள். இரும்புக் கருவியை இழுக்க அவருடைய மாட்டுக்குத் தெம்பு வேண்டும். ஒரு பல் உடைந்தால் அதை வார்த்துத் தர ஊர்க்கொல்லரால் முடியாது. 1889-ல் இந்தியாவுக்கு வந்த வோல்க்கர் என்ற ஆங்கிலேய விவசாய ரசாயன நிபுணர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1893-ல் அறிக்கை கொடுத்தார். இன்றைய நிலைமையில் இங்கே புதுக் கருவிகளுக்கு வாய்ப்பு அதிகமில்லை என்று அதில் சொல்லியிருந்தார். சைதாப்பேட்டைப் பண்ணையோடு வளர்ந்த விவசாயப் பள்ளிதான் பிறகு கோயம்புத்தூருக்கு இடம்மாறி, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வேராக ஆனது.

கருவி எதுவானாலும் சரி, அதைச் சரிபார்ப்பது என்ற வேலை இருக்கிறதே, அது நாகரிகத்தின் வயது. இராக்கில், பழைய நிப்பூர் நகரத்தில் கிடைத்த களிமண் பலகை ஒன்று கிட்டத்தட்ட 3,700 வருஷம் பழசு. சாமுவேல் நோவா கிரேமர் என்ற அறிஞர் படித்துச் சொன்னார். ஒரு சுமேரிய விவசாயி தன் மகனுக்குச் சொல்கிற யோசனைகள். அவர்களிடம் குழாய் வைத்த விதைக்கலப்பை இருந்தது. சுமார் ஆறு மீட்டர் அகலத்துக்கு எட்டுச் சால் ஓட்டு. விதை போடுகிறவன் மேல் ஒரு கண் வை. இரண்டு விரல் ஆழத்துக்கு ஒரே சீராக விழட்டும். சரியாக இறங்கவில்லையா, கொழுவை மாற்று. உலகத்தில் இன்றைக்கு எந்த மிஷினோடும் வருகிற கையேட்டை எடுத்துப் பாருங்கள், சாரம் இதுதான்.

இப்போது வல்லம் வட்டாரத்துக்குத் திரும்புவோம். டிராக்டரின் பின்னால் மாட்டுகிற விதைப்பு மிஷின். பெட்டியில் விதை, தரைச்சக்கரம் சுற்றச் சுற்ற செயின் வழியாக உள்ளே கிண்ணங்கள் சுழன்று கொட்டையை அள்ளிக் குழாயில் போடும். நெல், கோதுமைக்கு வைத்திருக்கிற வரிப்பல் உருளையை மல்லாட்டைக்குப் போட்டால் பருப்பு நசுங்கும், ஆகவே கிண்ணமோ சாய்தட்டோ வேண்டும். இதெல்லாம் செய்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். சிக்கல் வேறு இடத்தில்.

பெட்டிக்கு மூடி இருக்கிறது! ஒரு குழாய் அடைத்தால் டிரைவருக்குத் தெரியாது. அவர் முன்னால் பார்த்து ஓட்டுகிறார். பின்னால் மண் மூடிவிடுகிறது. ஒருவாரம், பத்துநாள் கழித்து முளை வரும்போதுதான் ஒரு வரி முழுக்க மொட்டையாக இருப்பது தெரியும். அப்போது மறுபடி கொட்டை போடலாம் என்றால் ஈரம் போயிருக்கும். கை தப்பு செய்தால் நாலு குழியோடு போகும். மிஷின் தப்பு செய்தால் வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒழுங்காக, நேர்கோட்டில் செய்யும்.

அதற்குத்தான் ஓட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. நான் படித்தது பி.காம்., இயந்திரம் எனக்கு அயல்நாடு. ஆனால் இந்தக் கணக்கு நம்ம டிரையல் பேலன்ஸ் மாதிரியேதான் இருக்கிறது. ஏழு வரி மிஷின், வரிக்கு 30 சென்டிமீட்டர் என்றால் அகலம் 2.1 மீட்டர். சக்கரத்தின் விட்டம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் 1.26 மீட்டர். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, குழாய்க்கு ஒரு பையாகக் கட்டி, கையால் ஐம்பது சுற்று சுற்றவேண்டும். அது ஏக்கரில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. ஏக்கருக்கு 50 கிலோ என்றால் ஏழு பையிலும் சேர்த்து ஒரு கிலோ 630 கிராம் விழுந்திருக்க வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ பல்சக்கரத்தையோ கிண்ணத்தையோ மாற்றி மறுபடி ஐம்பது சுற்று. மொத்தம் சரியாக வந்தாலும் பைகளைத் தனித்தனியாக எடை போடவேண்டும். ஒரு பையின் குறைச்சலை இன்னொரு பை மறைத்துவிடும். அக்கவுண்ட்ஸ் தெரிந்தவர்களுக்கு இந்தத் தில்லுமுல்லு புரியும். வயலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கும் என்பதால், நிஜ மண்ணில் கொஞ்ச தூரம் ஓட்டி, தோண்டிப் பார்த்து ஆழத்தையும் இடைவெளியையும் எண்ணிக்கொள்வது உத்தமம்.

இதற்கு ஒருமணி நேரம் ஆகும். சொந்த மிஷின் என்றால் பரவாயில்லை. வாடகை மிஷின் என்றால் மணிக்கணக்கு. சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சுற்றுகிற நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? நிலத்துக்காரர், 'நேத்து பக்கத்து நிலத்துல ஓட்டுனதுதானே, அப்படியே விடுப்பா' என்பார். பக்கத்து நிலத்துக்காரரின் கொட்டை பெரிசு, இவருடையது சின்னது என்பது கிண்ணத்துக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. டிரைவர் அடுத்த ஊருக்குப் போகவேண்டிய அவசரத்தில் வேகத்தைக் கூட்டுவார். கிண்ணம் நிரம்ப நேரம் இல்லாமல் வெறுங்கிண்ணமாகச் சுற்றும். கொழுவை மண்ணில் இருந்து தூக்காமல் ரிவர்ஸ் எடுத்தால் குழாய் வாயில் மண் அப்பிக்கொள்ளும். விதைநேர்த்தி செய்த பருப்பை நிழலில் உலர்த்தாமல் ஈரத்தோடு கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டும்.

கொர்ருவின் பின்னால் நடந்த பெண்ணுக்கு இதற்கெல்லாம் தனிக்கூலி கிடையாது. சரிபார்ப்பது அவள் நடையிலேயே இருந்தது. மல்லாட்டைச் சாலில் கொட்டை போட்டவர்களின் கதையும் அதுதான். மிஷின் வந்ததும் அவர்கள் கூலி மிச்சம் என்று நோட்டில் ஒரு வரவு எழுதுகிறோம். அவர்கள் கண்ணும் விரலும் பார்த்த வேலையை யார் தலையில் எழுதுவது என்று நோட்டில் ஒரு பத்தியும் இல்லை. சில இடங்களில் மிஷினின் பின்னாலேயே ஒரு ஆளை நடக்க விடுகிறார்கள். குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வருவதற்கு. என் கணக்குப்படி அந்த ஒருநாள் கூலி, மொட்டையாகப் போகிற ஒரு வரியைவிட மலிவு.

விதைப்பு முடிந்தபிறகும் ஒரு வேலை பாக்கி. உரப்பெட்டியைத் துடைக்காமல் விட்டால் உரம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தகரத்தைத் தின்றுவிடும். கழுவி, காயவைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு நிறுத்தவேண்டும். விதைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டவும் வேண்டும். மூலையில் நாலு கொட்டை தங்கினால் எலி வரும். எலி கொட்டையோடு நிற்காது, பிளாஸ்டிக் குழாயையும் கடித்து வைக்கும். அடுத்த ஆடிப்பட்டத்தில் மழை பெய்து, டிராக்டரை வயலில் இறக்கி, பெட்டியில் விதையைக் கொட்டிய பிறகுதான் அந்த ஓட்டை தெரியவரும்.