கதிர் பட்ட முதுகெலும்பு

மைசூரு வட்டாரத்துப் புற்றுநோயாளிகளுக்குப் பக்கத்திலிருந்த பெரிய அரசு நிலையம், பெங்களூருவில் 1973-ல் தொடங்கிய கித்வாய். அதற்கு முன்பே சென்னை அடையாறில் வழி திறந்திருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கு 1957-ல் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்தது. ஆசியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள்.

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் புற்றுநோய்கள் முதுகெலும்புக்குப் பரவினால் வலி ஆளை முடக்கிவிடும். கதிர்வீச்சு அந்த வலியைத் தணிக்கிறது. அது பெரிய கொடை. ஆனால் கட்டி ஏற்கெனவே எலும்பை அரித்திருக்கும். கட்டி செத்ததும் அங்கே எஞ்சுவது பொத்தல். எலும்பு கட்டும் செல்களும் கதிரில் சோர்கின்றன. மறுபடி சுண்ணாம்பு ஏற மாதங்கள் ஆகும். அதற்குள் முள்ளெலும்பு நசுங்கிவிடலாம்.

துல்லியக் கதிர்வீச்சு வந்தபின் இந்த ஆபத்து பளிச்சென்று தெரிந்தது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மைய மருத்துவர்கள் ஒரே தவணையில் 18 முதல் 24 கிரே (கதிர் அளவின் அலகு) வரை கொடுத்த இடங்களில் 39 சதவீதத்தில் முறிவு உண்டானது அல்லது முற்றியது என்று 2009-ல் எழுதினார்கள். அளவைப் பல தவணைகளாகப் பிரிக்கும் யோசனை இதனால் வலுப்பெற்றது.

2010-ல் முதுகெலும்பின் உறுதியின்மையை மதிப்பிடும் மதிப்பெண் முறை வந்தது. மொத்தம் 18, 7-ஐத் தொட்டாலே கதிருக்கு முன் அறுவை மருத்துவரிடமும் கேட்க வேண்டும். நசுங்கிய எலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் முறையோ 1984-லேயே பிரான்சின் அமியான் நகரில் தொடங்கிவிட்டது.